தலை வெட்டப்படப் போகிறவனுக்கு எதற்கு வெற்றி முழக்கம்?

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இப்படி வரும் என்று நினைக்கிறேன். ஒரு கச்சேரியில் பீத்தோவனின் எக்மாண்ட் ஓவர்ச்சர், அதாவது நாடகம் தொடங்கும் முன் வாசிக்கிற முன்னிசை, கேட்டிருக்கிறீர்கள். கையில் கொடுத்த தாளில், இது ஒரு சோக நாடகத்துக்காக எழுதிய இசை, நாயகனுக்கு மரண தண்டனை, தலையை வெட்டிவிடுகிறார்கள் என்று போட்டிருந்தது. ஆனால் கடைசி ஒன்றரை நிமிடம் ஊரே திரண்டு கொண்டாடுகிற மாதிரி முடிகிறது. இது எப்படிப் பொருந்தும், பீத்தோவன் நாடகத்தைச் சரியாகப் படிக்கவில்லையா, அல்லது கைதட்டல் வாங்குவதற்காகச் சேர்த்த முடிவா என்று கேட்கிறீர்கள். கூடவே, இந்த மாதிரி நாடக இசை என்பது நம் சினிமாவின் பின்னணி இசை மாதிரிதானா என்றும் கேட்டிருக்கிறீர்கள். முதல் கேள்விதான் உங்களை உறுத்தியிருக்கிறது என்பது எழுதிய விதத்திலேயே தெரிகிறது. அதற்குத்தான் அதிகமாகப் பதில் சொல்லப் போகிறேன். ஒழுங்காகச் சொன்னால் இரண்டாவதும் அதிலேயே வந்துவிடும்.

நான் வயலின்காரன். மேற்கத்திய செவ்வியல் இசையைச் சின்ன வயதில் படிக்க ஆரம்பித்து, பிறகு பல வருடங்கள் ஆர்கெஸ்ட்ராக்களில் இரண்டாம் வயலின் வரிசையில் உட்கார்ந்தவன், இப்போது சொல்லிக்கொடுக்கிறேன். இந்த ஓவர்ச்சரை எத்தனை முறை வாசித்திருக்கிறேன் என்று கணக்கு இல்லை. நாடகத்துக்கான முழு இசையையும், ஒருவர் நடுவில் வசனம் படிக்க, ஒரே ஒரு முறைதான் வாசித்திருக்கிறேன். ஜெர்மன் எனக்குத் தட்டுத்தடுமாறித்தான் வரும், நாடகத்தை மொழிபெயர்ப்பில்தான் படித்தேன். அதனால் இசை பற்றிச் சொல்வதை என் அனுபவத்தில் சொல்கிறேன் என்றும், நாடகத்தின் மொழியழகு பற்றி எதுவும் சொல்ல எனக்குத் தகுதி இல்லை என்றும் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் கதை, ஏனென்றால் அந்தத் தாளில் இரண்டு வரிதான் போட்டிருப்பார்கள். பதினாறாம் நூற்றாண்டில் இன்றைய நெதர்லாந்தும் பெல்ஜியமும் ஸ்பெயின் அரசன் இரண்டாம் ஃபிலிப்பின் கையில் இருந்தன. மதக் கெடுபிடி, மக்கள் கொந்தளிப்பு. அடக்குவதற்காக ஆல்பா கோமகனைப் படையோடு அனுப்புகிறான் அரசன். எக்மாண்ட் அந்த நாட்டுப் பிரபு, போரில் பெயர் வாங்கியவர், மக்களின் செல்லப்பிள்ளை. ஆரஞ்ச் இளவரசர் வில்லியம் அவரிடம் வந்து, ஆல்பா வருவதற்குள் ஓடிவிடலாம் வா என்று கெஞ்சுகிறார். எக்மாண்ட் மறுக்கிறார். நான் ஓடினால் போர் மூளும், சாகப்போவது ஜனங்கள் என்பது ஒரு காரணம். ராஜா நமக்குத் துரோகம் செய்யமாட்டார் என்கிற நம்பிக்கை இன்னொரு காரணம். ஆல்பா அவரைப் பேச்சுவார்த்தைக்குக் கூப்பிட்டு அங்கேயே கைது செய்கிறார். அவருடைய காதலி கிளேர்ஷன், சாதாரண வீட்டுப் பெண், தெருவில் இறங்கி ஆட்களைத் திரட்டப் பார்க்கிறாள், பயத்தில் ஒருவரும் வரவில்லை. அவள் விஷம் குடித்துச் சாகிறாள். விடிந்தால் எக்மாண்டுக்குத் தண்டனை.

வரலாற்றில் இப்படி ஒருவர் நிஜமாகவே இருந்தார். லமோரால் என்கிற எக்மாண்ட் பிரபு, 1568 ஜூன் 5-ம் தேதி பிரஸ்ஸல்ஸின் பெரிய சதுக்கத்தில், ஹோர்ன் பிரபுவோடு சேர்த்துத் தலை வெட்டப்பட்டார். ஆனால் நிஜ எக்மாண்ட் கல்யாணமாகி நிறையக் குழந்தைகள் பெற்றவர். காதலி கிளேர்ஷன், நாடகத்தை எழுதிய ஜெர்மன் கவிஞர் கதேயின் கற்பனை. கதே இந்த நாடகத்தை 1775-ல் ஆரம்பித்து, விட்டு விட்டு எழுதி, 1787-ல் ரோமில் இருந்தபோது முடித்தார், மறு வருடம் அச்சில் வந்தது. பீத்தோவன் கைக்கு வந்தபோது அது இருபது வருடத்துக்கும் மேல் பழைய நாடகம், படித்தவர்கள் எல்லோருக்கும் தெரிந்த நாடகம்.

இப்போது உங்கள் கேள்விக்கு நேரான பதில். அந்த வெற்றி இசை பீத்தோவன் தானாகச் சேர்த்தது இல்லை. கதேயே நாடகத்தில் எழுதி வைத்திருக்கிறார். கடைசிக் காட்சியின் மேடைக் குறிப்பு என்ன சொல்கிறது என்றால், எக்மாண்ட் காவலர்களை நோக்கி, பின்கதவை நோக்கி நடக்கும்போது திரை விழுகிறது, உடனே இசை எழும்பி ஒரு வெற்றி சிம்பொனியோடு நாடகத்தை முடிக்கிறது. வெற்றி சிம்பொனி என்கிற சொல்லே கதேயுடையதுதான். இதில் சந்தேகத்துக்கே இடமில்லை, அச்சான நாடகத்தை எடுத்துப் பார்த்தால் கடைசி வரியாக இருக்கும். அதாவது வசனகர்த்தா தன் கடைசி வாக்கியத்தைப் பேனாவால் எழுதாமல், அதை ஒரு ஆர்கெஸ்ட்ராவிடம் ஒப்படைத்துவிட்டுப் போயிருக்கிறார். அந்தக் கடன் பல வருடம் அப்படியே கிடந்தது. கதே தன் நண்பர் கைசர் என்கிற இசையமைப்பாளரிடம் கேட்டார், அப்புறம் ரைஷார்ட் என்பவர் இந்த நாடகத்துக்கு இசை போட்டார். இன்று நாம் கேட்பது பீத்தோவன் போட்டதைத்தான்.

ஏன் அப்படி ஒரு முடிவு என்பதற்கு அதற்கு முந்தைய நிமிடங்களைப் பார்க்க வேண்டும். சிறையில் எக்மாண்ட் தூங்கிவிடுகிறார். கனவில் சுதந்திரம் ஒரு பெண் உருவில், ஒளி சூழ, மேகத்தின் மேல் வருகிறது, முகம் கிளேர்ஷனின் முகம். அவள் இறந்தது அவருக்குத் தெரியாது, பார்க்கிற நமக்குத் தெரியும். அவள் சைகையிலேயே, உன் சாவால் இந்த மாகாணங்கள் விடுதலை பெறும் என்று காட்டி, அவர் தலைக்கு மேல் வெற்றி மாலையை நீட்டுகிறாள். அந்த நேரம் தூரத்தில் பட்டாளத்து முரசும் குழலும் கேட்க, கனவு கலைகிறது. விழித்தவர் தலையைத் தடவிப் பார்க்கிறார், மாலை இல்லை. முரசுச் சத்தம் நெருங்கி வருகிறது. கொல்ல வருகிறவர்களின் முரசு அது. ஆனால் அவர் காதில் அது வேறு போர்க்களத்து முரசாகக் கேட்கிறது, உங்களுக்குப் பிரியமானதைக் காப்பாற்ற என்னைப் போல மகிழ்ச்சியோடு விழுங்கள் என்று சொல்லிவிட்டு நடக்கிறார். திரை. இசை. ஆக, அந்த வெற்றி அவர் பிழைத்ததற்கான வெற்றியும் இல்லை, அவர் செத்ததற்கான கொண்டாட்டமும் இல்லை. இனிமேல் நடக்கப்போவது அது, மேடையில் இருக்கிற ஒருவர்கூடப் பார்க்கப்போவதில்லை. வசனத்தில் சொன்னால் வெறும் நம்பிக்கைப் பேச்சாகிவிடும், நடித்துக் காட்டவும் முடியாது. இசையிடம் கொடுத்தது அதனால்தான் என்பது என் புரிதல். வரலாறு எப்படிப் போனது என்றும் சொல்லிவிடுகிறேன்: 1568-ல் தொடங்கிய போர் 1648-ல்தான் ஓய்ந்தது, வடக்கு மாகாணங்கள் விடுதலை பெற்றன, எக்மாண்ட் செத்த பிரஸ்ஸல்ஸ் அப்போதும் ஸ்பெயின் கையிலேயே இருந்தது.

உங்களுக்கு வந்த சந்தேகம் புதியதும் இல்லை, தவறானதும் இல்லை. அதே காலத்துப் பெரிய ஜெர்மன் நாடகாசிரியர் ஷில்லருக்கே வந்தது. நாடகம் அச்சான 1788-லேயே அவர் எழுதிய விமர்சனத்தில், இந்தக் கனவுக் காட்சி நம்மை நாடகத்திலிருந்து ஒரே குட்டிக்கரணத்தில் ஓபரா உலகத்துக்குள் தள்ளிவிடுகிறது என்று குறைப்பட்டார். அப்புறம் 1796-ல் வைமர் மேடைக்காக அவரே நாடகத்தைச் சுருக்கியபோது அந்தக் கனவு உருவத்தை எடுத்தே விட்டார். ஷில்லர் மாதிரி ஒருவருக்கு இடறிய இடம் உங்களுக்கும் இடறியிருக்கிறது. நான் கதே பக்கம்தான் நிற்கிறேன். ஆனால் வெறும் நாடகமாகப் படித்தபோது ஷில்லர் சொன்னது நியாயம் என்றுதான் எனக்கும் தோன்றியது. இசையோடு கேட்ட பிறகுதான் மாறினேன்.

வியன்னாவில் இது எப்படி நடந்தது என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1809 மே மாதம் நெப்போலியன் படை வியன்னாவைக் குண்டு போட்டுப் பிடித்தது. ஏற்கெனவே பழுதாகிக்கொண்டிருந்த காதைக் காப்பாற்ற, பீத்தோவன் தம்பி வீட்டு நிலவறையில் தலையணையால் காதை மூடிக்கொண்டு கிடந்தார் என்று அவருடைய மாணவர் ரீஸ் எழுதியிருக்கிறார். அக்டோபரில் சமாதான ஒப்பந்தம் ஆகி, ஒருவழியாகப் பிரெஞ்சுப் படை கிளம்பியது. அந்த இலையுதிர் காலத்தில்தான் அரசவை நாடக அரங்கின் இயக்குநர் ஹார்ட்டல், எக்மாண்டுக்கு இசை எழுதக் கேட்டார். நாடகம் 1810 மே 24 அன்று மேடையேறியது, ஆனால் இசை தயாராகவில்லை. ஜூன் 15 அன்றுதான் பீத்தோவனின் இசையோடு முதல் தடவை நடந்தது. கிளேர்ஷனாக நடித்த அந்தோனி ஆடம்பர்கர் என்கிற இளம் நடிகையே அதன் இரண்டு பாட்டுகளையும் பாடினார். இதற்காக அரங்கத்தாரிடம் நான் காசு வாங்கவில்லை, கவிஞர் மேல் உள்ள பிரியத்தால்தான் எழுதினேன் என்று பீத்தோவன் தன் பதிப்பாளருக்கு எழுதினார்.

அன்னியப் படை ஊரைப் பிடித்திருந்த கோபம்தான் இந்த இசையில் வெடிக்கிறது என்று பல நிகழ்ச்சிக் குறிப்புகளில் படிப்பீர்கள். இருக்கலாம், எனக்கும் அப்படி நம்ப ஆசைதான். ஆனால் பீத்தோவன் அப்படி எங்கும் எழுதி வைத்ததாக நான் படித்ததில்லை, காலம் ஒத்துப்போகிறது என்பதைத் தாண்டி அதற்குச் சாட்சி பலவீனம். அதே மாதிரி, பீத்தோவன் உண்மையில் ஷில்லரின் வில்லியம் டெல் நாடகத்துக்கு இசை போடத்தான் விரும்பினார், அது வேறொருவருக்குப் போய் இவருக்கு எக்மாண்ட் கிடைத்தது என்று மாணவர் செர்னி சொன்ன கதை ஒன்று உண்டு. செர்னி நம்பகமான ஆள்தான், ஆனாலும் அது பல வருடம் கழித்துச் சொன்ன நினைவு, அந்த அளவுக்கே எடுத்துக்கொள்ளலாம்.

சரி, இசைக்கு வருவோம். நீங்கள் கேட்டது ஓவர்ச்சர் மட்டும், எட்டு ஒன்பது நிமிடம். அதற்குப் பிறகு இன்னும் ஒன்பது பகுதிகள் இருக்கின்றன, எல்லாம் சேர்த்தால் முக்கால் மணி நேரத்தை ஒட்டி வரும். கிளேர்ஷனின் இரண்டு பாட்டுகள், ஐந்து அங்கங்களுக்கு நடுவில் நான்கு இடை இசைகள், கிளேர்ஷனின் சாவு, தூக்கத்துக்கும் கனவுக்குமான இசை, கடைசியில் வெற்றி சிம்பொனி. அந்தக் காலத்து அரங்கில் அங்கத்துக்கு நடுவே காட்சி மாற்றுவார்கள், ஜனங்கள் எழுந்து பேசுவார்கள், அந்த நேரத்தை நிரப்ப அரங்கத்து ஆர்கெஸ்ட்ரா கையில் கிடைத்த ஏதாவது ஒரு சிம்பொனித் துண்டை வாசித்துவிடும். நாடகத்துக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இருக்காது. 1767-லேயே லெஸ்ஸிங் என்கிற ஜெர்மன் நாடக விமர்சகர் ஹாம்பர்க் நாடகங்களைப் பற்றி எழுதும்போது இதைச் சாடினார். பழைய கிரேக்க நாடகத்தில் கோரஸ் என்கிற பாடகர் குழு இருந்த இடத்தில் இன்று நம் ஆர்கெஸ்ட்ரா இருக்கிறது, அது வாசிப்பது நாடகத்தோடு ஒட்ட வேண்டும் என்பது அவர் வாதம். பீத்தோவன் அதைச் செய்து காட்டினார். அவருடைய இடை இசை பெரும்பாலும் இரண்டு துண்டாக இருக்கும், முதல் துண்டு இப்போது முடிந்த காட்சியின் மனநிலையைத் தொடரும், இரண்டாவது அடுத்து வரப்போவதை நோக்கி இழுக்கும்.

மூன்றாவது இடை இசை இதற்கு நல்ல உதாரணம். மூன்றாம் அங்கத்தில் கிளேர்ஷன் ஒரு காதல் பாட்டுப் பாடுகிறாள், ஆனந்தமும் துயரமும் மாறி மாறி வருகிற மனதைப் பற்றி, காதலிக்கிற உயிர் மட்டும்தான் சந்தோஷமானது என்று முடியும் ஒரு சின்னப் பாட்டு. அங்கம் முடிகிறது. இடை இசை அந்தப் பாட்டின் மெட்டை எடுத்துக்கொள்கிறது, ஓபோ என்கிற குழல் வாத்தியம் அதைத் தனியாக, யோசித்து யோசித்துப் பாடுகிற மாதிரி வாசிக்கும். இன்னும் அவள் வீட்டுக்குள்ளேயேதான் இருக்கிறோம் என்று நினைக்கும்போதே ஒரு ராணுவ அணிவகுப்பு தொடங்குகிறது. நடை துல்லியமாக, சுத்தமாக, கொஞ்சமும் கோபமில்லாமல் இருக்கும், அதுதான் பயமாக இருக்கும். ஆல்பாவின் படை ஊருக்குள் வந்துவிட்டது. திரை எழும்பும்போது பிரஸ்ஸல்ஸில் நாலு பேர் சேர்ந்து நின்று பேசவே பயப்படுகிறார்கள். மேடையில் யாரும் ஒரு வார்த்தை பேசாமல் ஒரு ஊர் கைமாறிவிட்டது. இதை ஒரு வசனத்தில் சொல்லியிருந்தால் வெறும் தகவலாகப் போயிருக்கும்.

அப்புறம் கிளேர்ஷனின் சாவு. முழு இசையிலும் எனக்கு மிகவும் பிடித்த இடம் இது, ஓவர்ச்சர் மட்டும் கேட்கிற பெரும்பாலானோர் இதைக் கேட்டிருக்கவே மாட்டார்கள். நாடகத்தில் அவள் விஷத்தைக் குடித்துவிட்டு உள்ளே போய்விடுகிறாள். அவளை ஒருதலையாகக் காதலித்த பிராக்கன்பர்க்கும் போய்விடுகிறான். மேடையில் ஒருவரும் இல்லை. அணைக்க மறந்த ஒரு விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருக்கிறது. கதேயின் குறிப்பு: கிளேர்ஷனின் மரணத்தைச் சொல்கிற இசை தொடங்குகிறது, விளக்கு சில முறை சுடர்விட்டு எரிந்து, பிறகு அணைகிறது. அவ்வளவுதான். ஒரு கதாபாத்திரத்தின் சாவுக் காட்சியில் அந்தக் கதாபாத்திரமே இல்லை, வசனம் இல்லை, நடிகர் இல்லை, ஒரு விளக்கும் ஆர்கெஸ்ட்ராவும்தான். பீத்தோவன் டி மைனர் என்கிற, சோகம் தொனிக்கிற சுரவரிசையில், மிக மெதுவாக, காற்று வாத்தியங்களை முன்னால் வைத்து எழுதியிருக்கிறார். ஒப்பாரி மாதிரி எங்கேயும் வெடிக்காது. நாங்கள் வாசித்த அந்த ஒரே கச்சேரியில் மேடையில் விளக்கு எதுவும் வைக்கவில்லை, வசனம் படித்தவர் அந்த மேடைக் குறிப்பை மட்டும் வாசித்துவிட்டு உட்கார்ந்தார். கடைசிச் சுரங்கள் ஒவ்வொன்றாக ஓயும்போது, அடுத்தது வருமா, இதுதான் கடைசியா என்று வாசிக்கிற எனக்கே தெரியாத மாதிரி இருந்தது, தாள் முன்னால் இருந்தும். முடிந்த பிறகு கொஞ்ச நேரம் அரங்கில் யாரும் இருமக்கூட இல்லை.

இதை இவ்வளவு விரிவாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. இந்த நாடகத்தில் இசையால் காட்டப்படுகிற சாவு கிளேர்ஷனுடையது. எக்மாண்டின் சாவு மேடையில் வருவதே இல்லை. அவர் நடந்து போகிறார், திரை விழுகிறது, அவ்வளவுதான். நாடகம் பார்த்தவர்கள் ஏற்கெனவே அழுதுவிட்டுத்தான் அந்த வெற்றி இசைக்கு வந்து சேர்கிறார்கள். அதற்கான துக்கம் முன்பே, அந்த விளக்கு அணைகிறபோது, செலுத்தப்பட்டுவிட்டது. ஓவர்ச்சரை மட்டும் கேட்கிறவருக்கு அந்த விளக்கு இல்லை, கனவு இல்லை, தலையைத் தடவிப் பார்க்கிற கை இல்லை. இருளிலிருந்து நேராக வெளிச்சத்துக்குத் தூக்கிப் போடப்படுகிறோம். உங்களுக்கு முடிவு பொருந்தாமல் தோன்றியதற்கு இதுதான் முக்கியக் காரணம் என்று நினைக்கிறேன்.

ஓவர்ச்சரிலும் அந்த இடத்தை உன்னிப்பாகக் கேளுங்கள். எஃப் மைனரில், மொத்த ஆர்கெஸ்ட்ராவும் ஒரே சுரத்தை நீட்டிப் பிடிப்பதில் தொடங்குகிறது. அடுத்து தந்தி வாத்தியங்களின் கனமான அடிகள், அதற்குக் கெஞ்சுகிற மாதிரி காற்று வாத்தியங்களின் பதில். வேகப் பகுதி வந்த பிறகும் அந்தக் கனமான அடி வேறு வேகத்தில் திரும்பித் திரும்பி வரும். கடைசியில் அந்த அடிகள் உச்சத்துக்குப் போய், வயலின்கள் மட்டும் மேல் சுரத்திலிருந்து கீழ்ச் சுரத்துக்கு வெட்டினாற்போல் விழும். பிறகு மௌனம். அந்த மௌனத்துக்குப் பிறகு ஓபோ, கிளாரினெட், பசூன் எல்லாம் மிக மெல்லிய சில கார்வைகள். அதன் பிறகுதான் வேகமான வெற்றிப் பகுதி, அது நாடகத்தின் கடைசியில் வருகிற வெற்றி சிம்பொனியேதான், கிட்டத்தட்ட அப்படியே.

அந்த வயலின் விழுவது கோடரி விழுவது என்று எல்லோரும் சொல்வார்கள், நானும் மாணவர்களுக்குச் சொல்லியிருக்கிறேன். ஸ்பெயின் நடனமான சரபாந்தின் தாளத்தை ஒத்திருப்பதால் அந்தக் கனமான அடிகள் ஆல்பா, பதில் சொல்கிற காற்று வாத்தியங்கள் நெதர்லாந்து மக்கள் என்றும் சொல்வார்கள். இரண்டுமே கேட்பவர்களின் விளக்கம், பீத்தோவன் சுரத்தாளில் அப்படி எதுவும் எழுதவில்லை. ஆனால் எக்மாண்டுக்கான கரட்டுக் குறிப்புகளுக்கு நடுவே, மரணத்தை ஒரு மௌனத்தால் காட்டலாம் என்று அவர் எழுதி வைத்த ஒரு வரி உண்டு. அதனால் கோடரி என்பதைவிட அதற்குப் பிறகு வருகிற மௌனம்தான் சாவு என்பதற்கு ஆதாரம் அதிகம். அது எக்மாண்டின் சாவா, வேறு யாருடையதா என்பதை அந்த வரி சொல்வதில்லை. எனக்கு உறுதியாகத் தெரிந்த ஒரு வித்தியாசத்தைச் சொல்கிறேன்: ஓவர்ச்சரில் வெற்றி வருவது அந்த மௌனத்துக்கும் மெல்லிய கார்வைகளுக்கும் பிறகு, நாடகத்தில் வருவது முரசுச் சத்தத்துக்கு நடுவில் ஒருவர் நடந்து போகும்போது. ஒரே இசை, ஆனால் ஒன்றில் அது சாவுக்குப் பின்னால் நிற்கிறது, இன்னொன்றில் சாவுக்கு முன்னால் நிற்கிறது. நாடகத்தில் அந்த இசை ஒலிக்கும்போது எக்மாண்ட் இன்னும் உயிரோடுதான் இருக்கிறார்.

சினிமா பின்னணி இசை மாதிரியா என்று கேட்டீர்கள். ஓரளவு. கனவுக் காட்சி அந்த வகைக்கு மிக நெருக்கம். எக்மாண்ட் தூக்கத்தைப் பார்த்து, கூப்பிடாமலே, கெஞ்சாமலே வருகிற சந்தோஷம் மாதிரி வருகிறாயே என்று பேசும்போது தந்தி வாத்தியங்கள் அவர் பேச்சுக்குள் மெல்ல நுழைகின்றன, அவர் தூங்கிய பிறகு ஒவ்வொரு மேடைக் குறிப்புக்கும் இசை அசைகிறது. பாடாமல் பேசுகிற வசனமும் இசையும் இப்படிச் சேர்வதை மெலோடிராமா என்று சொல்வார்கள், இன்று நாம் அந்தச் சொல்லைப் பயன்படுத்துகிற பொருள் வேறு. இந்த ஒரு இடத்தைத் தவிர மற்றபடி, நம் சினிமாவில் இசை காட்சிக்குக் கீழே ஓடும், பீத்தோவனின் நாடக இசை பெரும்பாலும் காட்சி இல்லாத இடத்தில்தான் ஓடுகிறது. திரை மூடியிருக்கும்போது, மேடை காலியாக இருக்கும்போது, நடிகர் போன பிறகு. வசனம் நின்ற இடத்தில்தான் அது வேலை செய்கிறது. நல்ல படங்களில் வசனமே இல்லாத ஐந்து நிமிடத்தை இசை மட்டும் சுமக்கிற இடங்கள் உங்களுக்கு ஞாபகம் வரும், அதோடு ஒப்பிட்டால் சரியாக இருக்கும்.

முழு நாடகத்தை முழு ஆர்கெஸ்ட்ராவோடு மேடையேற்றுவது இன்று அபூர்வம், செலவு தாங்காது. அந்தச் சிக்கல் அன்றே இருந்தது. கச்சேரியில் வாசிப்பதற்காக நடுவில் படிக்கும் இணைப்பு வசனத்தை முதலில் மோசன்கைல் என்பவர் எழுதினார், பிறகு ஆஸ்திரிய நாடகாசிரியர் கிரில்பார்சர் 1834-ல் அதை மாற்றி எழுதினார். ஓவர்ச்சர் தனியாகப் பிரிந்து போய்த் தனக்கென்று ஒரு வாழ்க்கை வாழ்கிறது. 1956-ல் ஹங்கேரி கிளர்ச்சியின்போது அங்கே வானொலியில் திரும்பத் திரும்ப ஒலித்தது இந்த ஓவர்ச்சர்தான். அந்த மக்களுக்கு வெற்றிப் பகுதி பொருந்துகிறதா என்கிற கேள்வி எழுந்திருக்காது.

கேட்க வேண்டும் என்றால், ஜார்ஜ் செல் வியன்னா பில்ஹார்மோனிக்கோடு 1969-ல் செய்த முழுப் பதிவைத் தேடிப் பாருங்கள், வசனமும் பாட்டும் அதில் உண்டு. ஜெர்மன் புரியாவிட்டால் நாடகத்தின் ஐந்தாம் அங்கத்தை மட்டுமாவது மொழிபெயர்ப்பில் படித்துவிட்டுக் கேளுங்கள், நாற்பது நிமிட வாசிப்புதான். கிளேர்ஷனின் சாவிலிருந்து கடைசி வரை நிறுத்தாமல் கேளுங்கள். அப்புறம் ஒரு நாள் விட்டு ஓவர்ச்சரைத் திரும்பக் கேளுங்கள், அந்த வெற்றிப் பகுதி எப்படி ஆரம்பிக்கிறது என்பதைக் கவனியுங்கள். முழக்கமாக ஆரம்பிக்காது. தந்தி வாத்தியங்கள் கேட்டும் கேட்காத சத்தத்தில், தூரத்தில் யாரோ வருகிற மாதிரி ஒரு சலசலப்பைத் தொடங்கும், அங்கிருந்து சில நொடிகளில்தான் அது பெரிதாகும். இரண்டாம் வயலின் வரிசையில் இருந்து சொல்கிறேன், அந்த முதல் சில சுரங்களை அவ்வளவு வேகமாகவும் அவ்வளவு மெதுவான சத்தத்திலும் வாசிப்பதுதான் மொத்த ஓவர்ச்சரிலும் எங்களுக்குக் கஷ்டமான இடம். ஒத்திகையில் நடத்துனர் அங்கேதான் மறுபடி மறுபடி நிறுத்துவார். இன்னும் சத்தமில்லாமல், இன்னும் சத்தமில்லாமல் என்பார், முரசு இன்னும் தெருமுனைக்கு வரவில்லை என்பார்.